ஆஸ்திரேலியா பாயிண்ட்ஸ் விசா: குமரி மாவட்டத்துக்காரர்கள் கேட்டவை

தக்கலைக்காரன் நான். வயது, படிப்பு, வேலை, ஆங்கிலம் இவற்றுக்குப் பாயிண்ட் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் இந்த விசாவில்தான் ஆஸ்திரேலியா வந்தேன். நம்ம ஊரிலிருந்து வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மார்த்தாண்டம்: அண்ணா, 65 பாயிண்ட் இருந்தால் விசா உறுதி என்கிறார் ஏஜென்ட். உண்மையா?

இல்லை தம்பி. 65 இருந்தால் எனக்கு விசா வேண்டும் என்று விருப்ப மனு போடலாம், அவ்வளவுதான். விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அரசிடமிருந்து அழைப்பு வர அதைவிட நிறைய வேண்டியிருக்கும். உங்கள் கணக்கையே போடுவோம். வயது 29, அதற்கு 30. பி.இ.க்கு 15. நான்கு வருட வேலைக்கு 5. கல்யாணம் ஆகாததால் 10. ஆக 60. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் 7 எடுத்தால் 10 சேரும். நான்கிலும் 8 எடுத்தால் 20. வயதையும் படிப்பையும் இனி மாற்ற முடியாது. ஆங்கிலம் உங்கள் கையில் இருக்கிறது, அதில் உழையுங்கள்.

குலசேகரம்: சவூதியில் 6 வருடம் நர்ஸாக இருந்தேன். பாயிண்ட் உண்டா?

உண்டு அக்கா. கடைசி 10 வருடத்துக்குள் செய்த வேலையாக இருந்தால் 10 பாயிண்ட். ஆனால் அனுபவச் சான்றிதழ் மட்டும் போதாது, சம்பளம் வந்ததற்கும் ஆதாரம் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, வங்கிக் கணக்கை மூடிவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். அந்த ஸ்டேட்மென்ட் கைக்கு வர அங்கிருக்கும் தோழி வங்கிக்கு நடையாய் நடந்தார். இன்னும் வளைகுடாவில் இருப்பவர்கள் இப்போதே எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுங்கள்.

கருங்கல்: அடுத்த மாதம் 40 ஆகிறது. அவசரமா?

ரொம்ப அவசரம். 33 முதல் 39 வரை 25 பாயிண்ட், 40 ஆனதும் 15. மனு போட்ட நாள் கணக்கில்லை. அழைப்பு வரும் நாளில் என்ன வயதோ அதுதான். 45 ஆகிவிட்டால் அழைப்பே கிடையாது.

நாகர்கோவில்: தமிழ் தெரிந்தால் 5 பாயிண்டாமே?

ஆமாம். அதற்கு நாட்டி என்ற ஆஸ்திரேலிய மொழிபெயர்ப்பு அமைப்பு நடத்தும் சிசிஎல் தேர்வில் தேற வேண்டும். இரண்டு உரையாடல்களைக் கேட்டு ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் வாயால் மொழிபெயர்க்க வேண்டும். 90க்கு 63 வேண்டும். ஒவ்வொரு உரையாடலிலும் 45க்கு 29க்குக் குறையக் கூடாது. தமிழ்தானே என்று படிக்காமல் போகாதீர்கள். நம்ம பேச்சில் மலையாளம் கலந்துவிடும். காப்பீடு, ஓய்வூதியம், வாடகை ஒப்பந்தம் போன்ற வார்த்தைகள் யோசிக்காமல் வாயில் வர வேண்டும். தினமும் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

குளச்சல்: மனைவியால் பாயிண்ட் கூடுமா?

அவருக்கு ஆங்கிலத்தில் நான்கு பிரிவிலும் 6 இருந்தால் 5. அதோடு அவருடைய தொழிலும் இந்த விசாவுக்கான தொழில் பட்டியலில் இருந்து, 45 வயதுக்குள் தகுதி மதிப்பீடும் முடித்திருந்தால் 10.

மார்த்தாண்டம்: வேலைக்குக் கூடுதல் பாயிண்ட் வாங்க எனக்கு ஒரு வருடம் குறைகிறது. கூட்டிப் போட்டுக்கொள்ளலாம், பார்க்க மாட்டார்கள் என்கிறாரே ஏஜென்ட்?

செய்யாதீர்கள் தம்பி. விசா அதிகாரி ஒவ்வொரு பாயிண்டுக்கும் காகிதம் பார்ப்பார். அழைப்பில் சொன்ன எண்ணிக்கைக்குக் கீழே போனால் விசா நிராகரிப்பு, கட்டிய பணமும் போச்சு. பொய்ச் சான்றிதழ் என்று தெரிந்தால் 3 வருடம் விசா கிடைக்காமல் போகலாம். ஏஜென்டுக்கு என்ன ஆனாலும், பாஸ்போர்ட் உங்களுடையது.