இன்ட்ரானில் ஓர் எழுத்து மாறினால் புரதத்துக்கு என்ன ஆகும்?

கேள்வி: எனக்கும் என் மனைவிக்கும் ரத்தப் பரிசோதனையில் பீட்டா தலசீமியா கேரியர் என்று வந்தது. குழந்தைக்குத் திட்டமிடும் முன் மரபணுப் பரிசோதனையும் செய்துகொண்டோம். என் அறிக்கையில் 'கோடான் 15, ஜி>ஏ' என்றும் மனைவியின் அறிக்கையில் 'ஐவிஎஸ் 1-5, ஜி>சி' என்றும் இருக்கிறது. ஐவிஎஸ் என்பது இன்ட்ரான், அதிலிருந்து புரதம் உருவாவதில்லை என்று படித்தேன். அப்படியானால் மனைவியின் மாற்றத்தால் பாதிப்பு இருக்காதுதானே? இருவருக்கும் வெவ்வேறு மாற்றம் என்பதால் குழந்தைக்கு ஆபத்து குறைவா? இன்னொரு குழப்பம்: என் அறிக்கையில் ஓரிடத்தில் 15 என்றும் இன்னோரிடத்தில் 16 என்றும் போட்டிருக்கிறார்கள். எது சரி?

பதில்: முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். மாற்றங்கள் வெவ்வேறாக இருப்பதால் ஆபத்து குறையாது. இரண்டும் ஒரே மரபணுவில், பீட்டா குளோபின் மரபணுவில்தான் இருக்கின்றன. இந்த மரபணு ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. கேரியர் என்றால் ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் இருப்பவர். ஒவ்வொரு முறை கருத்தரிக்கும்போதும் உங்களுடையதும் மனைவியுடையதும் சேர்ந்து குழந்தைக்கு வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. அப்படிச் சேர்ந்து வந்தால், தொடர்ந்து ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா மேஜராகவே அது பெரும்பாலும் இருக்கும். இன்ட்ரானிலிருந்து புரதம் உருவாவதில்லை என்று நீங்கள் படித்தது சரிதான். அதனால் பாதிப்பில்லை என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு. பலரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹீமோகுளோபினில் ஆல்பா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு. பீட்டா சங்கிலிக்கான மரபணு 11-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. நீளம் சுமார் 1,600 எழுத்துகள். எழுத்து என்று நான் சொல்வது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு காரங்களை. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாக வளர்ந்துகொண்டிருக்கும் செல்லில், ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி இந்த மரபணுவின் இரு இழைகளையும் பிரித்து, ஒன்றை அச்சாக வைத்து அதற்கு இணையான ஆர்என்ஏவைக் கட்டுகிறது. ஜிக்கு எதிரே சி, சிக்கு எதிரே ஜி, டிக்கு எதிரே ஏ, ஏக்கு எதிரே யு. ஆர்என்ஏவில் டி கிடையாது, அதன் இடத்தில் யு வரும். ஆக, வெளிவரும் ஆர்என்ஏ அச்சாக இருந்த இழையைப் போல இருக்காது; எதிரில் இருந்த இழையைப் போல இருக்கும். ஆய்வகங்கள் அறிக்கையில் அச்சிடுவதும் அந்த எதிரிழையின் எழுத்துகளைத்தான். எனவே அறிக்கையில் டி என்று இருந்தால் யு என்று மாற்றிப் படியுங்கள், அதுவே ஆர்என்ஏ.

இந்த முதல் நகலை செல் அப்படியே பயன்படுத்துவதில்லை. புரதத்துக்கான செய்தி இதில் மூன்று எக்ஸான்களாகப் பிரிந்து கிடக்கிறது. இடையில் இரண்டு இன்ட்ரான்கள்: முதலாவது 130 எழுத்து, இரண்டாவது 850 எழுத்து. கூட்டிப் பார்த்தால் மரபணுவில் பாதிக்கு மேல் இன்ட்ரான்தான். மரபணு இப்படித் துண்டு துண்டாக இருக்கும் என்பது 1977-இல் தெரியவந்தபோது உயிரியலாளர்களே அதிர்ந்துபோனார்கள். அதைக் கண்டறிந்த ரிச்சர்ட் ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் இருவரும் 1993-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்ட்ரான்களை வெட்டி எறிந்து எக்ஸான்களை ஒட்டும் இந்த வேலைக்கு ஸ்ப்ளைசிங் என்று பெயர். உட்கருவுக்குள்ளேயே இது முடிந்தாக வேண்டும்.

இதில் ஓர் எழுத்துகூடப் பிசகக் கூடாது. பீட்டா சங்கிலியின் 30-ஆவது அமினோ அமிலம் ஆர்ஜினின். அதற்கான மூன்றெழுத்து ஏஜிஜி. அதன் 'ஏஜி' முதல் எக்ஸானின் கடைசியில் இருக்கிறது. எஞ்சிய 'ஜி' 130 எழுத்துகளைத் தாண்டி இரண்டாவது எக்ஸானின் தொடக்கத்தில் இருக்கிறது. வெட்டி ஒட்டுவது மிகச் சரியாக நடந்தால்தான் அந்த மூன்றெழுத்தே உருவாகும்.

சரி, எங்கே வெட்டுவது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? இன்ட்ரானின் எழுத்துகளே காட்டிக்கொடுக்கின்றன. முதல் இன்ட்ரான் ஜி, டி, டி, ஜி, ஜி, டி என்று தொடங்குகிறது. யு1 என்ற சின்னஞ்சிறு ஆர்என்ஏ, தன் எழுத்துகளை இந்த எல்லையின் மேல் ஜோடி சேர்த்துப் பார்க்கிறது. போதுமான எழுத்துகள் பொருந்தினால், வெட்டு அங்கே விழும். ஐந்தாவது எழுத்தான ஜி, யு1-இல் உள்ள ஒரு சியோடு இணைய வேண்டும். உங்கள் மனைவியின் ஒரு மரபணுப் பிரதியில் அந்த ஐந்தாவது ஜிதான் சியாகிவிட்டது. சிக்கு எதிரே சி இணையாது. பிடி தளர்ந்துவிடுகிறது. 'ஐவிஎஸ் 1-5' என்பதன் பொருள் இதுதான்: முதல் இன்ட்ரான், ஐந்தாவது எழுத்து.

பிடி தளர்ந்தால் வெட்டு நின்றுவிடுவதில்லை, இடம் மாறுகிறது. அசல் எல்லையைப் போலவே தோன்றும் மூன்று இடங்கள் பக்கத்தில் இருக்கின்றன. அசல் எல்லை பலமாக இருக்கும்வரை அவற்றை யாரும் சீண்டுவதில்லை. அது பலவீனமானதும் கத்தி அங்கெல்லாம் விழ ஆரம்பிக்கிறது. இரண்டு இடங்கள் முதல் எக்ஸானுக்குள் இருக்கின்றன. அங்கே வெட்டினால் செய்தியில் 38 எழுத்தோ 16 எழுத்தோ குறையும். மூன்றாவது இடம் இன்ட்ரானுக்குள் இருக்கிறது. அங்கே வெட்டினால் தேவையில்லாத 13 எழுத்து கூடும். 38, 16, 13 மூன்றுமே மூன்றால் வகுபடாத எண்கள் என்பதைக் கவனியுங்கள். புரதச் செய்தி மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவதால், அந்த இடத்துக்குப் பிறகு வரும் ஒவ்வொரு மூன்றெழுத்தும் தடம் புரண்டுபோகும். சில சமயம் வெட்டு பழைய இடத்திலேயே சரியாக விழுவதும் உண்டு. அதனால் கொஞ்சம் நல்ல ஆர்என்ஏ கிடைக்கும், ஆனால் போதாது.

இப்போது உங்கள் மாற்றத்துக்கு வருவோம். இது ஸ்ப்ளைசிங்கைத் தொடுவதில்லை. ஆர்என்ஏ ஒழுங்காக வெட்டி ஒட்டப்பட்டு, தூது ஆர்என்ஏவாக உட்கருவை விட்டு வெளியே வந்து, புரதத்தைக் கோக்கும் இயந்திரமான ரைபோசோமில் ஏறுகிறது. ரைபோசோம் 'ஏயுஜி' என்ற தொடக்கக் குறியிலிருந்து மும்மூன்று எழுத்தாகப் படித்துக்கொண்டு போகும். இந்த மூன்றெழுத்துதான் கோடான். ஒவ்வொரு கோடானுக்கும் பொருந்தும் கடத்து ஆர்என்ஏ தனக்குரிய அமினோ அமிலத்தைச் சுமந்துகொண்டு வந்து சேர்க்கும். நான்கு எழுத்துகளில் 64 கோடான்கள் அமையும். அவற்றில் 61 அமினோ அமிலங்களைக் குறிப்பவை. யுஏஏ, யுஏஜி, யுஜிஏ ஆகிய மூன்றும் நிறுத்தக் குறிகள். இந்த அகராதியை 1960-களில் படித்தறிந்தவர்களில் ஹர் கோவிந்த் கொரானாவும் மார்ஷல் நிரன்பர்க்கும் முதன்மையானவர்கள். ராபர்ட் ஹோலியோடு சேர்த்து 1968-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பீட்டா சங்கிலியின் 15-ஆவது இடத்தில் டிஜிஜி இருக்க வேண்டும், அதாவது ஆர்என்ஏவில் யுஜிஜி. டிரிப்டோபனுக்கு இருக்கும் ஒரே கோடான் இது. உங்களிடம் நடுவில் உள்ள ஜி ஏ-வாகியிருப்பதால் அது யுஏஜி ஆகிவிட்டது. அது நிறுத்தக் குறி. 146 அமினோ அமிலம் கோக்க வேண்டிய ரைபோசோம் 14-லேயே சங்கிலியை விடுவித்துவிடும். அந்தத் துண்டால் எந்தப் பயனும் இல்லை. அதனால்தான் இந்த வகையை பீட்டா பூஜ்ஜியம் என்கிறார்கள், அந்தப் பிரதியிலிருந்து பீட்டா சங்கிலி துளியும் வராது. மனைவியின் வகை பீட்டா பிளஸ், அதாவது கொஞ்சம் பீட்டா சங்கிலி வரும். 'பிளஸ்' என்ற சொல் நம்பிக்கை தருவதாகத் தெரியலாம். ஐவிஎஸ் 1-5 விஷயத்தில் அதை நம்ப வேண்டாம். கடுமையான பீட்டா பிளஸ் வகைகளில் இதுவும் ஒன்று.

பொதுவாக, பாதியில் நிறுத்தக் குறி வந்த ஆர்என்ஏவை செல் சிதைத்துவிடும். ஸ்ப்ளைசிங்கில் ஒட்டிய ஒவ்வோர் இடத்துக்கும் அருகில் ஒரு புரத அடையாளம் தங்கியிருக்கும். ரைபோசோம் போகிற வழியில் அவற்றை உதிர்த்துக்கொண்டே போகும். முன்கூட்டியே நின்றுவிட்டால் அடையாளம் உதிராமல் நிற்கும், அதைக் கண்டு செல் அந்த ஆர்என்ஏவை அழித்துவிடும். உங்கள் நிறுத்தக் குறி தொடக்கத்துக்கு மிக அருகில் இருப்பதால் இந்தக் கண்காணிப்பிலிருந்து அது பெருமளவு தப்பிவிடும் வகை. அழிந்தாலும் தப்பினாலும் உங்களுக்கு விளைவு ஒன்றுதான். ஆனால் மூன்றாவது எக்ஸானில் நிறுத்தக் குறி வந்தவர்களுக்கு அப்படியில்லை. அங்கே நீளமான, உருக்குலைந்த சங்கிலி உருவாகி, ஒரே ஒரு பிரதியில் மாற்றம் இருந்தாலே நோயை உண்டாக்கக்கூடும். எழுத்து மாறியது என்பதைவிட எந்த இடத்தில் மாறியது என்பதை நாங்கள் துருவிப் பார்ப்பது இதனால்தான்.

15-ஆ 16-ஆ என்ற குழப்பத்துக்கு வருகிறேன். இரண்டும் சரி. தொடக்கக் குறியான ஏயுஜி மெத்தியோனினைக் கொண்டுவரும். ஆனால் பீட்டா சங்கிலி வளரும்போதே அந்த முதல் மெத்தியோனின் வெட்டப்பட்டுவிடும். புரதத்தைக் கையில் வைத்து எண்ணிய அந்தக் காலத்து ஆய்வாளர்கள், எஞ்சிய வாலினை ஒன்று என்று எண்ணத் தொடங்கினார்கள், அதில் 15. இப்போதைய சர்வதேச முறை மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுகிறது, அதில் 16. அதே அறிக்கையில் '47 ஜி>ஏ' என்றும் இருக்கும், பாருங்கள். ஏயுஜியின் ஏ-வை ஒன்று என்று வைத்தால் 15 கோடானுக்கு 45 எழுத்து. 16-ஆவது கோடான் 46, 47, 48. நடு எழுத்து 47. கணக்கு நேராக வருகிறது. மனைவியின் அறிக்கையில் '92+5 ஜி>சி' என்று இருந்தால் அதுவும் ஐவிஎஸ் 1-5-தான்: முதல் எக்ஸான் 92-ஆவது எழுத்தோடு முடிகிறது, அதற்கப்பால் ஐந்தாவது.

இரண்டு மாற்றங்களும் ஒரு குழந்தையிடம் சேர்ந்தால், ஒரு பிரதி ஸ்ப்ளைசிங்கில் கெடும், மற்றது ரைபோசோமில் கெடும். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்ட வழியில்லை. பீட்டா இல்லாமல் மிஞ்சிப்போகும் ஆல்பா சங்கிலிகள் படிந்து, சிவப்பணுக்களை மஜ்ஜையிலேயே சாகடிக்கும். பிறந்த குழந்தை நன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் அப்போது ஓடிக்கொண்டிருப்பது காமா சங்கிலியைக் கொண்ட கரு ஹீமோகுளோபின். காமா குறைந்து பீட்டா பொறுப்பேற்க வேண்டிய சமயத்தில், வழக்கமாக 6 மாதத்துக்கும் 2 வயதுக்கும் இடையில், ரத்தசோகை தலைகாட்டும். 2023-இல் பிரிட்டன் முதலில் அனுமதித்த கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சை இந்தக் காமா மரபணுவை மீண்டும் விழிக்க வைப்பதுதான். பழுதான பீட்டா எழுத்தை அது திருத்துவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: கருத்தரிக்கும் முன்பே இருவருமாக மரபணு ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். இரண்டு அறிக்கைகளின் முழுப் பிரதியும் கையில் இருக்கட்டும். கர்ப்பத்தின் 11-ஆவது வார வாக்கில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்தோ, 16-ஆவது வார வாக்கில் பனிக்குட நீரை எடுத்தோ, குழந்தைக்கு இந்த இரண்டு மாற்றங்களும் வந்திருக்கின்றனவா என்று பார்க்க முடியும். எந்த எழுத்தைத் தேட வேண்டும் என்று ஆய்வகத்துக்கு முன்பே தெரிந்திருப்பது மிகப் பெரிய அனுகூலம், அந்த வேலையை நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள். செயற்கைக் கருத்தரிப்பின் மூலம் இரண்டும் சேராத கருவைத் தேர்ந்தெடுத்துப் பதிய வைக்கும் வழியும் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் இருவரின் முடிவு, அதில் ஆலோசகர் தன் கருத்தைத் திணிக்கக் கூடாது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீதம் என்பது புதிதாகத் தொடங்கும் கணக்கு. முதல் குழந்தை நலமாகப் பிறந்தது என்பதற்காக இரண்டாவது முறை பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் மனைவியின் உடன்பிறந்தவர்களுக்கும் சொல்லுங்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இதே மாற்றம் இருக்க, குறைந்தது பாதி வாய்ப்பு உண்டு. அவர்கள் நேராக மரபணுப் பரிசோதனைக்குப் போக வேண்டியதில்லை. முதலில் ரத்த அணுக்களின் எண்ணிக்கையும், ரத்தத்தில் சிறிதளவே இருக்கும் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவும் போதும். ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கேரியராக இருக்கலாம். இரும்புச்சத்து குறைவாக இருக்கும்போது ஏ2 கொஞ்சம் தாழ்வாகக் காட்டும், அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேரியர்களின் சிவப்பணுக்கள் இயல்பாகவே சிறியவை. அதைப் பார்த்ததும் இரும்புச்சத்துக் குறைவு என்று எண்ணி மாத்திரை எழுதிக்கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. உடலில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்காமல் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிடாதீர்கள். ஃபெரிட்டின் உண்மையிலேயே குறைவாக இருந்தாலோ, கர்ப்பகாலத்தில் மருத்துவர் தேவை என்று சொன்னாலோ, கேரியர் என்பதற்காக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.