மாலுமி ஹென்றிக்கு எத்தனை லயம்?

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாக லிஸ்பனில் இருக்கிறேன். சென்ற வாரம் குடும்பத்தோடு ஆற்றங்கரையில் உள்ள கடலோடிகள் நினைவுச்சின்னத்தைப் பார்த்தோம். கப்பல் வடிவத்தில் உள்ள அந்தச் சின்னத்தின் முகப்பில், கையில் சிறு கப்பலை ஏந்தி, மாலுமி ஹென்றி என்று பேர்பெற்ற போர்ச்சுகல் இளவரசர் ஹென்றி நிற்கிறார். எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. 1025-லேயே கடாரத்துக்குப் படை அனுப்பியவன் ராஜேந்திர சோழன். அப்படியிருந்தும் அட்லாண்டிக்கைத் தாண்டும் துணிவு நம்மவர்களுக்கு ஏன் வரவில்லை? தேடல் என்பது நம் ரத்தத்திலேயே இல்லையா? ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இதைப் பற்றிப் பேச்சுப்போட்டியில் பேசப்போகிறாள். உங்கள் பதிலை அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். படம் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மகளுக்கு வாசித்துக் காட்டுவேன் என்ற வரிக்காகத்தான் உடனே எழுதுகிறேன். இன்னொன்றும் உண்டு. சில வாரங்களாக அட்லாண்டிக்கில் உள்ள மதேரா தீவின் கரும்புத் தோட்டங்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. படத்தில் குழந்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு அழகாகச் சிரிக்கிறாள். அவளுக்கு என் அன்பு. உங்கள் மேல் எனக்கு வருத்தம்.

சோழர் கேள்வியை விடுங்கள். பருவக்காற்றைப் பிடித்துப் போய், விற்று, வாங்கி, லாபத்தோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தவனுக்கு அட்லாண்டிக்கில் என்ன வேலை? மிளகு விளையும் கரைக்குப் பக்கத்திலேயே இருப்பவன் மிளகைத் தேடி உலகைச் சுற்றமாட்டான். ரத்தத்தில் இருக்கிறது, ரத்தத்தில் இல்லை என்ற பேச்சைக் குழந்தையின் காதில் போடாதீர்கள். அது விஷம்.

துணிவை நான் மறுக்கவில்லை. 1434-இல் ஜில் இயானிஷ் என்ற போர்ச்சுகீசிய மாலுமி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள பொஜதோர் முனையைத் தாண்டினார். தெற்கே தள்ளிக்கொண்டே இருக்கும் காற்றில் வீடு திரும்ப வேண்டுமானால், கரையை விட்டு விலகி நடுக்கடலுக்குள் போய் வளைந்து வர வேண்டும். அதைக் கண்டுகொண்ட மாலுமிகளை நானும் வணங்குவேன். ஆனால் நீங்கள் சிலிர்த்துப்போய் நின்ற சிலைக்குரியவர் மொராக்கோவைத் தாண்டிக் கப்பலேறியதே இல்லை. மற்றவர்களை அனுப்பினார், வந்ததில் பங்கு வாங்கினார். அந்தச் சின்னமும் பழையது அல்ல. 1940-இல் ஒரு கண்காட்சிக்காகத் தற்காலிகமாக எழுப்பியதை, சலாசாரின் சர்வாதிகார ஆட்சி 1960-இல் நிரந்தரமாகக் கட்டியது. அப்போது அங்கோலாவும் மொசாம்பிக்கும் நம் கோவாவும் அவர்கள் கையில்தான் இருந்தன. யார், எப்போது, எதற்குக் கட்டினார்கள் என்று கேட்காமல் ஒரு சிலைக்குக் கீழே குழந்தையை நிறுத்திப் படம் எடுக்கலாமா?

கப்பல்கள் என்ன ஏற்றிக்கொண்டு திரும்பின என்று கேட்டிருக்க வேண்டும், தம்பி. போர்ச்சுகலின் தென்கோடியில் லாகோஸ் என்ற துறைமுகம் இருக்கிறது. 1444, ஆகஸ்ட் 8. இன்றைய மௌரித்தேனியக் கரையில் பிடிக்கப்பட்ட 235 பேரை, வெயில் ஏறுவதற்கு முன் விடியற்காலையிலேயே கப்பல்களிலிருந்து இறக்கி, ஊருக்கு வெளியே ஒரு திடலில் நிறுத்தினார்கள். பங்கு பிரிக்க வேண்டும். பங்குகள் சமமாக வர வேண்டுமென்றால் குடும்பங்களைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். ஒரு கூட்டத்தில் நிறுத்திய பிள்ளைகள் அடுத்த கூட்டத்தில் தகப்பனைப் பார்த்துவிட்டு ஓடினார்கள். தாய்மார் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு தரையில் குப்புற விழுந்தார்கள். அடி விழுந்தது, ஆனாலும் விடவில்லை. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் அன்றைக்கு வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்ததால், பிரிக்கிறவர்களுக்கே இடைஞ்சல். இளவரசர் ஹென்றி குதிரை மேல் இருந்தார். ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. 46 உயிர்கள்.

இதை எழுதியவர் எதிரி அல்ல, ஹென்றியின் புகழை எழுதவே அமர்ந்த அரசவை வரலாற்றாசிரியர் சுராரா. அவர் அந்த மக்களுக்காக அழுதேன் என்கிறார். அடுத்த மூச்சிலேயே, இத்தனை ஆன்மாக்கள் மீட்கப்படுவதில் இளவரசருக்கு மகிழ்ச்சி என்றும் எழுதுகிறார். அந்த அழுகையால் ஒரு பிள்ளைகூடத் தாயிடம் திரும்பிப் போகவில்லை.

கொலம்பஸ் பிறப்பதற்கு முன்பே இது நடந்துவிட்டது. இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று தோன்றினால் தோன்றட்டும். அமெரிக்காவில் அவர்கள் செய்ததை முதலில் பழகிப் பார்த்தது அட்லாண்டிக் தீவுகளில். 1420 வாக்கில் ஆளில்லாத மதேராவில் குடியேறினார்கள். காட்டைக் கொளுத்திக் கரும்பு நட்டார்கள். வெட்டிய கரும்பு காத்திருக்காது. உடனே ஆட்டிக் காய்ச்சியாக வேண்டும். அதற்கு ஆலை, விறகு, தண்ணீர், இரவும் பகலும் ஆட்கள். கேனரித் தீவுகளில் பிடித்துவந்த குவாஞ்சே மக்களையும் ஆப்பிரிக்கர்களையும் வைத்து மலைச்சரிவுகளில் வாய்க்கால் வெட்டினார்கள். கொலம்பஸ் மணந்தது பக்கத்துத் தீவான போர்த்தோ சாந்தோவின் அதிகாரி மகளை. 1478-இல் மதேராவுக்குச் சர்க்கரை வாங்கப் போனவர் அவர். 1493-இல் இரண்டாம் பயணத்தில் கரும்புக் கரணைகளையும் ஏற்றிக்கொண்டுதான் போனார். சாவோ தோமே, பிரேசில், பார்படோஸ் என்று அந்தத் தோட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது. 1834-இல் பிரிட்டிஷார் அடிமை முறையை ஒழித்ததும் மொரீஷியஸ் தோட்டங்களுக்கு ஆள் தேடி இந்தியாவுக்கு வந்தார்கள். 1860-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பல் கிளம்பியது மதராஸிலிருந்து. பெயர் ஒப்பந்தக் கூலி.

என் பாட்டி இலங்கை மலைநாட்டில் கொழுந்து பறித்தவர். மலையகத் தமிழரை இந்தியாவும் இலங்கையும் பிரித்துக்கொண்ட சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் நீலகிரிக்கு வந்து சேர்ந்தவர். பரீட்சைக்கு நான் "மாலுமி ஹென்றி, மாலுமி ஹென்றி" என்று உரக்க மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து கேட்டார்: "அந்தத் தொரைக்கு எத்தன லயம்டா?" லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். எனக்குக் கோபம் வந்தது. பாட்டிக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். தப்புப் பறை அடித்ததும் இருட்டோடு பெரட்டுக் களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் திடலில், வரிசையாக நிற்க வேண்டும், கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற பேரேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார், கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர், அரைநாள் கூலிதான் என்றெல்லாம் பிறகு அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாட்டியின் அக்காவுக்கு இலங்கைக் குடியுரிமை, பாட்டிக்கு இந்தியக் குடியுரிமை. ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்த பிறகும் அக்கா ஜன்னல் கம்பியை விடாமல் கூடவே ஓடிவந்தாராம். ஒப்பாரிக் கோச்சி என்றுதான் அந்த ரயிலுக்குப் பேர்.

பாட்டியின் வாழ்க்கையும் லாகோஸ் திடலும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. பாட்டியை யாரும் சந்தையில் விற்கவில்லை. அவர் கையில் பாஸ்போர்ட் இருந்தது. ஒன்றென்று சொன்னால் விற்கப்பட்டவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது.

லாகோஸ் உங்களுக்கு எட்டாத தூரம் இல்லை. அடிமைச் சந்தை என்ற பெயரிலேயே அங்கே ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. 2009-இல் வாகன நிறுத்துமிடத்துக்காகப் பழைய மதிலுக்கு வெளியே தோண்டியபோது, ஒரு பழைய குப்பைமேட்டில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் எலும்புகள் கிடைத்தன. குழந்தைகளும் உண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாமா என்று தயங்காதீர்கள். அந்தத் திடலில் நின்றவர்களில் அவள் வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள்.

கூட்டிப்போய்விட்டு வந்து அவளையே பேச்சை எழுதச் சொல்லுங்கள். காற்றையும் பாய்மரத்தையும் பற்றி ஆசை தீரப் பேசட்டும், அந்தத் திடலைப் பற்றியும் பேசட்டும். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், நீங்கள் கை வைக்காமல்.

அன்புடன்.