கான்ஃபிக் வரியை அழித்தால் எரர் போகும், யூஎஸ்பியும் போகும்

கேள்வி: சார், ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு பிக்18எஃப்4550 மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் ஒரு யூஎஸ்பி போர்டு செய்கிறேன். சீனியர் கொடுத்த கோடு பழைய சி18 கம்பைலருக்கு எழுதியது. அதை எம்பிலேப் எக்ஸ் மென்பொருளில் புதிய எக்ஸ்சி8 கம்பைலரை வைத்து பில்ட் செய்தால் எரர் கொட்டுகிறது. கான்ஃபிக் வரிகளை (சிப்பின் அடிப்படை அமைப்பைச் சொல்பவை) அழித்ததும் பாதி போனது, மீதியையும் ஒருவழியாகச் சரிசெய்து சிப்பில் ஏற்றினேன். கம்ப்யூட்டரில் செருகினால் சத்தமே இல்லை. பிறகு நண்பனின் புராஜெக்டிலிருந்து கான்ஃபிக் வரிகளை எடுத்துப் போட்டேன். இப்போது விண்டோஸ் 'யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு' என்கிறது. கிரிஸ்டல் மேல் 8.000 என்று இருக்கிறது. தப்பு போர்டிலா, கோடிலா?

பதில்: சால்டரிங் அயர்னை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். முதலில் சத்தமே இல்லை, பிறகு 'ரெகக்னைஸ்டு இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வித்தியாசத்திலேயே பாதி விடை இருக்கிறது.

ஒரு ஃபுல் ஸ்பீடு சாதனம் செருகப்பட்டதைக் கம்ப்யூட்டர் எப்படித் தெரிந்துகொள்கிறது? டி-பிளஸ் கம்பியை ஒரு புல்-அப் ரெசிஸ்டர் 3.3 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கிறது. 4550-இல் அந்தப் புல்-அப்பும் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, 3.3 வோல்ட் தரும் ரெகுலேட்டரும் உள்ளேயே இருக்கிறது. ரெகுலேட்டரை எழுப்புவது வி-ரெக்-என் என்ற கான்ஃபிக் பிட். புல்-அப்பைச் சேர்ப்பது ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் புரோகிராம். இரண்டில் எது இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டருக்கு அங்கே எதுவும் செருகப்படவில்லை.

கான்ஃபிக் வரிகளை அழித்தபோது இதுதான் நடந்தது. எழுதாமல் விட்ட பிட்டுகளுக்குக் கம்பைலர் சிப்பின் ஆரம்ப மதிப்பைப் போட்டுவிடும். 1311 என்ற எண்ணோடு 'மிஸ்ஸிங் கான்ஃபிகரேஷன் செட்டிங்' என்றொரு வார்னிங்கும் தரும், அதை யாரும் படிப்பதில்லை. 4550-இன் ஆரம்ப மதிப்பில் வி-ரெக்-என் அணைந்திருக்கும். ஆஸிலேட்டர் வெளிக் கிளாக் மோடில் இருக்கும், அதாவது உங்கள் கிரிஸ்டல் துடிக்கவே துடிக்காது. புரோகிராம் சிக்கிக்கொண்டால் சிப்பை ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமர் வேறு ஆன். இந்த நிலையில் யூஎஸ்பி வேலை செய்தால்தான் ஆச்சரியம்.

நண்பனின் வரிகளைப் போட்டதும் கம்ப்யூட்டர் ஏதோ சொல்கிறது என்றால் நல்ல செய்தி: ரெகுலேட்டர் எழுந்துவிட்டது, புரோகிராம் யூஎஸ்பியை ஆன் செய்யும் இடம்வரை ஓடுகிறது. இனி நான் முதலில் சந்தேகப்படுவது கிளாக்கை, அதாவது சிப்பின் துடிப்பு வேகத்தை. நண்பனின் போர்டில் 20 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருந்திருக்கும் என்பது என் ஊகம், ஏனென்றால் சுற்றில் இருக்கும் 4550 உதாரணங்களில் பெரும்பாலானவை அதற்கு எழுதியவை. அந்தக் கான்ஃபிக் வரிகளில் பிஎல்எல்-டிவ் 5 என்று இருக்கிறதா பாருங்கள்.

4550-க்குள் கிளாக்கைப் பெருக்கும் பிஎல்எல் சுற்றுக்கு உள்ளே போக வேண்டியது எப்போதும் 4 மெகாஹெர்ட்ஸ். அதை 96 ஆக்கித் தருகிறது, அதில் பாதியான 48 யூஎஸ்பிக்குப் போகிறது. கிரிஸ்டலை 4-ஆக வகுத்துக் கொடுப்பதுதான் பிஎல்எல்-டிவ்வின் வேலை. 20-க்கு 5 சரி. உங்கள் 8-க்கு 2 வேண்டும். 5 போட்டால் 1.6 மெகாஹெர்ட்ஸ்தான் உள்ளே போகும், பிறகு எந்தக் கணக்கும் சேராது. ஃபுல் ஸ்பீடு யூஎஸ்பி நொடிக்கு 12 மெகாபிட், அதில் 0.25 சதவீதம் முன்பின்னாகப் போகத்தான் அனுமதி. இதனால்தான் 4550-இன் உள் ஆஸிலேட்டரை நம்பி யூஎஸ்பி செய்ய முடியாது.

ஆக உங்கள் போர்டுக்கு: பிஎல்எல்-டிவ் 2, யூஎஸ்பி-டிவ் 2, சிபியு-டிவ்வுக்கு ஆஸ்க்1-பிஎல்எல்2, எஃப்-ஆஸ்க்குக்கு எச்எஸ்-பிஎல்எல்-எச்எஸ், வி-ரெக்-என் ஆன். வாட்ச்டாக், எல்விபி (குறைந்த வோல்ட் புரோகிராமிங்), எக்ஸ்-இன்ஸ்ட் (கூடுதல் கட்டளைத் தொகுப்பு) மூன்றும் ஆஃப். எக்ஸ்-இன்ஸ்ட் ஆனில் இருந்தால் எக்ஸ்சி8 உருவாக்கும் கோடு சரியாக ஓடாது. யூஎஸ்பி-டிவ்வில் இருக்கும் 2 கிரிஸ்டலைப் பார்த்து வந்ததல்ல, 96-ஐப் பாதியாக்கும் 2. கிரிஸ்டல் மாறினாலும் அது மாறாது.

கையால் அடிக்க வேண்டியதில்லை. எம்பிலேப் எக்ஸில் விண்டோ மெனுவில் டார்கெட் மெமரி வியூஸ், அதற்குள் கான்ஃபிகரேஷன் பிட்ஸ். ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, கீழே சோர்ஸ் கோடு உருவாக்கும் பட்டனை அழுத்தினால் உங்கள் சிப்புக்கும் உங்கள் கம்பைலருக்கும் பொருந்தும் பெயர்களோடு வரிகள் வரும். அவற்றை ஒரே ஒரு சி ஃபைலில், ஃபங்ஷனுக்கு வெளியே ஒட்டுங்கள். 'கான்ஃபிகரேஷன் செட்டிங் தெரியவில்லை' என்ற வகை எரர் பெரும்பாலும் பெயர் பொருந்தாததால்தான் வருகிறது. புராஜெக்டில் தேர்ந்தெடுத்த சிப் வேறு, கையில் இருக்கும் சிப் வேறு என்றாலும் இதே எரர்தான். 45கே50-க்கு மாறியவர்கள் அடிக்கடி இதில் மாட்டுகிறார்கள்: அங்கே பிஎல்எல்-டிவ்வும் இல்லை, வி-ரெக்-என்னும் இல்லை, டபிள்யூடிடி என்பது டபிள்யூடிடி-என் ஆகிவிட்டது.

இன்னொரு குழப்பம் எக்ஸ்டால்-ஃபிரீக் என்ற டிஃபைன். பெயரில் கிரிஸ்டல் இருப்பதால் பலரும் 80 லட்சம் என்று போட்டுவிடுகிறார்கள். அது சிப்பில் எதையும் மாற்றாது, டிலே கணக்குக்காகக் கம்பைலருக்குச் சொல்லும் எண் மட்டுமே. சிபியு ஓடும் வேகத்தை, அதாவது மேலே சொன்ன அமைப்பில் 4,80,00,000-ஐப் போடுங்கள். பிறகு யூஎஸ்பியைத் தொடாமல் ஒரு எல்இடியை நொடிக்கு ஒருமுறை மாறவைத்து, கைபேசியின் ஸ்டாப்வாட்ச்சோடு ஒரு நிமிடம் ஒப்பிடுங்கள். 60 முறை மாறினால் கிளாக் சரி. ஆஸிலோஸ்கோப் தேடி லேபுக்கு அலைய வேண்டாம்.

இப்போது நீங்கள் 'ஒருவழியாகச் சரிசெய்த' எரர்கள். எனக்கு உண்மையான கவலை இங்கேதான். எரர் எத்தனை வந்தாலும் முதலாவதை மட்டும் சரிசெய்து மறுபடி பில்ட் செய்யுங்கள், மீதி பெரும்பாலும் அதன் வால்கள். ஹெடரை எக்ஸ்சி.எச் ஆக மாற்றுவதும், ரோம் என்ற சொல்லை கான்ஸ்ட் ஆக்குவதும் எளிது. கம்பைலரை சி90 என்ற பழைய சி தர மோடுக்கு மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். அது பழைய எக்ஸ்சி8 கோடுக்குத்தான் கைகொடுக்கும், சி18 கோடுக்கு அல்ல.

எரர் தராமல் நழுவும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒரு நிகழ்வு வந்ததும் சிப் தானாக அழைக்கும் இன்டரப்ட் ஃபங்ஷனை, சி18-இல் பிராக்மா (கம்பைலருக்கான கட்டளை) வரியால் அறிவிப்பார்கள். எக்ஸ்சி8-க்கு அந்த வரி புரியாது, ஒரு வார்னிங் கொடுத்துவிட்டுத் தாண்டிவிடும். உங்கள் இன்டரப்ட் ஃபங்ஷன் அதன்பின் யாரும் அழைக்காத சாதாரண ஃபங்ஷன். எக்ஸ்சி8-இன் இன்டரப்ட் குறிச்சொல்லோடு அதைத் திருப்பி எழுத வேண்டும்.

இரண்டாவது, யூஎஸ்பி பஃபர், அதாவது தரவு வந்துபோகும் ரேம் இடம். 4550-இல் யூஎஸ்பி எஞ்சின் பார்க்கக்கூடிய ரேம் ஹெக்ஸ் 400-இல் தொடங்கும் 1 கிலோபைட் மட்டுமே, பஃபர்கள் எங்கே என்று சொல்லும் பஃபர் டிஸ்கிரிப்டர் டேபிளும் அதன் தொடக்கத்தில்தான் உட்கார வேண்டும். சி18 கோடில் இதை யூ-டேட்டா பிராக்மாவால் கட்டிவைத்திருப்பார்கள். எக்ஸ்சி8 அதையும் கண்டுகொள்ளாது, பஃபரைத் தனக்குத் தோன்றிய இடத்தில் வைக்கும். கம்பைல் ஆகும், சிப்பும் ஓடும், கம்ப்யூட்டர் 'நீ என்ன சாதனம்' என்று டிஸ்கிரிப்டர் கேட்டால் மட்டும் பதில் போகாது. வெளியே தெரிவது அதே 'நாட் ரெகக்னைஸ்டு'தான். பஃபர்களுக்கு 'அட்' குறிச்சொல்லால் முகவரி கொடுத்து, பில்டுக்குப் பின் வரும், எது எந்த முகவரியில் என்று காட்டும் மேப் ஃபைலில் அவை ஹெக்ஸ் 400-ஐத் தாண்டி உட்கார்ந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். சிப்பைத் தயாரிக்கும் மைக்ரோசிப்பின் எம்எல்ஏ (மைக்ரோசிப் லைப்ரரீஸ் ஃபார் அப்ளிகேஷன்ஸ்) தொகுப்பில் எக்ஸ்சி8-க்கான யூஎஸ்பி கோடு இருக்கிறது. என்னைக் கேட்டால் சீனியரின் கோடில் அப்ளிகேஷன் பகுதியை மட்டும் எடுத்து அதற்குள் நுழைப்பது, பழையதை ஒட்டுப்போடுவதைவிடச் சீக்கிரம் முடியும். அந்தத் தொகுப்பின் ஃபோல்டர்கள் ஆழமானவை, டெஸ்க்டாப்பில் விரித்தால் விண்டோஸின் 260 எழுத்துப் பாதை எல்லையில் முட்டி 'இன்க்ளூட் ஃபைல் இல்லை' என்று புது எரர் வரலாம். சி டிரைவின் மேல்மட்டத்திலேயே விரியுங்கள்.

புரோகிராமர் கருவி இல்லாமல் பூட்லோடர் (சிப்பிலேயே இருந்து புதிய கோடை ஏற்றும் சிறு புரோகிராம்) வழியாக ஏற்றுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் உங்கள் கான்ஃபிக் வரிகள் பொதுவாகச் சிப்புக்குப் போகவே போகாது, பூட்லோடரோடு முதலில் எழுதப்பட்டவைதான் நிற்கும். கோடும் பூட்லோடரைத் தாண்டித் தொடங்க வேண்டும். மைக்ரோசிப்பின் எச்ஐடி பூட்லோடருக்கு லிங்கரில் கோடு ஆஃப்செட் ஹெக்ஸ் 1000.

பிஎல்எல்-டிவ்வை 2 ஆக்கி, மேப் ஃபைலையும் பார்த்த பிறகும் அதே செய்தி வந்தால், வியூஎஸ்பி பின்னில் 220 அல்லது 470 நானோஃபாரட் கெபாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள், டி-பிளஸ்ஸும் டி-மைனஸும் இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். முடிந்தால் லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் செருகி கர்னல் லாகின் கடைசி வரிகளை அனுப்புங்கள். அதில் எரர் எண் மைனஸ் 71 என்றால் பதில் சிதைந்து போகிறது, கிளாக் அல்லது கம்பிப் பக்கம். மைனஸ் 110 என்றால் பதிலே வரவில்லை, இன்டரப்ட் அல்லது பஃபர் பக்கம் முதலில் தேடுவேன்.