தம்பிக்குக் கிடைக்கும் பரிசு

அன்புள்ள ஐயா,

என் தம்பி நான்கு ஆண்டுகளாக மெத்தாம்பெட்டமின் என்னும் போதைப்பொருளை எடுத்துவந்தான். இப்போது ஒரு சிகிச்சைத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறான். வாரம் இருமுறை சிறுநீர்ப் பரிசோதனை. அதில் போதைப்பொருள் தென்படாவிட்டால், கொடுத்துப் பொருள் வாங்கிக்கொள்ளும் பரிசுச் சீட்டு தருகிறார்கள். அவனோடு பேச வருபவரும் முன்பு அதே பழக்கத்தில் கிடந்தவராம். “தப்பு செய்யாமல் இருப்பதற்குக் கூலியா? இது லஞ்சம். அதுவும் அவனைப் போலவே இருந்த ஒருவனை நம்பியா பிள்ளையை ஒப்படைப்பது?” என்று அப்பா கொதிக்கிறார். போன வாரம் தம்பி மறுபடியும் எடுத்துவிட்டான். அப்பா சொன்னதுதான் சரியோ என்று எனக்கும் தோன்றுகிறது. (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள சகோதரி,

செய்யக்கூடாததைச் செய்யவைக்கக் கொடுப்பதற்குப் பெயர்தான் லஞ்சம். உங்கள் தம்பி விடத்தான் நினைக்கிறான், முடியாமல் தவிக்கிறான். அவனுக்குக் கிடைப்பது கைத்தாங்கல். அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

ஹெராயினை விட முயல்பவருக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்று மருந்துகள் உண்டு. மெத்தாம்பெட்டமினுக்கும் கோகெயினுக்கும் அப்படி ஒப்புதல் பெற்ற மருந்து இன்றுவரை இல்லை. இருக்கும் வழிகளில் ஆய்வுகள் அதிகம் ஆதரிப்பது இந்தப் பரிசு முறையைத்தான். அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் குழுவினர் கோகெயின் பழக்கமுள்ள 40 பேருக்கு ஒரே மாதிரியான ஆலோசனை தந்து, பாதிப் பேருக்கு மட்டும் பரிசுச் சீட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் வெளியான முடிவு இது: சீட்டு பெற்றவர்களில் 75 விழுக்காட்டினர் 24 வாரச் சிகிச்சையை முடித்தார்கள்; பெறாதவர்களில் 40 விழுக்காட்டினர். சிறிய ஆய்வுதான். ஆனால் பிறகு வந்த பல ஆய்வுகளும் அதையே காட்டின. 2011 முதல் அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளிலும் இது நடைமுறைக்கு வந்தது.

காரணம் எளியது. போதை தரும் சுகம் நிமிடங்களில் வந்துவிடும். விடுவதன் பலனோ மாதங்கள் தள்ளித்தான் வரும். விட்ட முதல் வாரங்களில் உடம்பு அடித்துப்போட்டதுபோல் கிடக்கும், எதிலும் ருசி இருக்காது. அந்த வெறுமையில் கையில் வந்து விழும் ஒரே நல்ல செய்தி அந்தச் சீட்டு. அதனால்தான் முடிவு தெரிந்த கையோடு கொடுக்கிறார்கள். மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுத்தால் அந்த வலு இருக்காது. தொடர்ந்து விலகியிருந்தால் தொகை ஏறும். தவறினால் முதல் படிக்கு இறங்கும். உங்கள் தம்பியும் போன வாரம் இறங்கியிருப்பான், அவ்வளவுதான். அவனை அங்கே யாரும் திட்டவில்லை, விரட்டவில்லை என்றால் அது நல்ல இடம்.

அந்தப் பழைய ‘போதைக்காரரை’ப் பற்றி அப்பா சொன்னதுதான் என்னை வருத்தியது. இதே பணியில் இருக்கும் நண்பர் ஒருவரோடு ஒருநாள் இருந்தேன். மூன்று இரவுகள் தூங்காத இளைஞன் ஒருவன் வந்தான். தாடை இறுகியிருந்தது, கண்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. நண்பர் எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தார். நாற்காலியை எதிரே போடாமல் பக்கவாட்டில் போட்டுக்கொண்டார். “எப்போது எடுத்தாய்?” என்று கேட்கவில்லை. “கடைசியாக எப்போது சாப்பிட்டாய்?” என்று கேட்டுத் தண்ணீரை நீட்டினார். அரை மணி நேரம் கழித்து அவனாகவே பேசினான். யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயத்தில் தானும் ஒருகாலத்தில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்ததாக நண்பர் பிறகு சொன்னார். அந்த அறிவை எந்தப் பட்டத்தால் வாங்க முடியும்? ஆனாலும் இத்தகையவர்களுக்குப் பல இடங்களில் சொற்பச் சம்பளம்தான், வேலை நிலைப்பதும் இல்லை. அது அநியாயம்.

பரிசு நின்றதும் அதன் பிடி தளரும் என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மறைக்க வேண்டியதில்லை. பரிசு நிற்கும் நாளுக்குள் தம்பிக்கு ஒரு வேலையோ நட்போ வழக்கமோ கிடைத்திருக்க வேண்டும். அதற்கு வழிகாட்டுவதும் அவனோடு பேச வரும் அந்தத் தோழர்தான். முழுதாக விட முடியாத நாட்களிலும் அவரிடம் போவதைத் தம்பி நிறுத்தக்கூடாது. தனியாக இருந்து எடுக்காதே, தண்ணீர் குடி, தூங்கு என்று சொல்ல அவர் இருப்பார். சில நாடுகளில் இந்தப் பொருட்களில் ஹெராயினைவிடக் கடுமையான ஃபென்டனில் கலந்து வருவதால், அதன் விளைவை முறிக்கும் நலோக்சோன் என்ற மருந்து கையில் இருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். நெஞ்சுவலி, வலிப்பு, உடம்பு அனலாகக் கொதிப்பது, இவற்றில் எது வந்தாலும் நேரே மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். வீட்டின் மானம் பிறகு இருக்கட்டும்.

போன வாரம் நடந்ததைப் பற்றித் தம்பியிடம் விசாரணை வேண்டாம். அடுத்த பரிசோதனைக்குக் கூடப் போங்கள். முடிந்தால் அப்பாவையும் அழைத்துப்போய், அந்தத் தோழரோடு ஒரு மணி நேரம் உட்காரவையுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.