அரசியல் வன்முறையில் உறவைப் பறிகொடுத்தவர்கள் கொன்றவர்களை மன்னிக்கத்தான் வேண்டுமா? பழிவாங்க நினைப்பது தவறா?

பழிவாங்க நினைப்பது தவறே இல்லை. பெற்ற பிள்ளையையோ புருஷனையோ குண்டுவெடிப்பில் அடையாளம் தெரியாத உடலாக வாங்கிப் போனவர்களிடம், மன்னித்துவிடு, மனம் லேசாகும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வயிறெரிந்து மண்ணை வாரித் தூற்ற அவர்களுக்கு முழு உரிமை உண்டு. எனக்குப் பயமெல்லாம், அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு கிளம்புகிற மற்றவர்களை நினைத்துத்தான்.

1984 அக்டோபர் 31-ல் இந்திரா காந்தியைச் சுட்டவர்கள் அவருடைய காவலர்கள் இரண்டு பேர். அதற்கு அடுத்த சில நாட்களில், அரசுக் கணக்குப்படியே டெல்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். வீடு தேடிப் போய் இழுத்துவந்து, கழுத்தில் டயரை மாட்டி எரித்தார்கள். எரித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த அம்மாவை நினைத்து ஒரு வேளை சோறு இறங்காமல் போயிருக்கும்? ஒரு பெரிய மரம் விழும்போது நிலம் கொஞ்சம் அதிரத்தான் செய்யும் என்று நவம்பர் 19-ம் தேதி ராஜீவ் காந்தி பேசினார். தாயைப் பறிகொடுத்த மகன்தான், அந்த வலி எனக்குப் புரிகிறது, ஆனால் அன்றைக்கு அவர் எரிந்துபோன அந்த மக்களுக்கும் பிரதமர்.

அப்புறம் 1987 அக்டோபர். யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள், ராஜீவ் அரசு இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படை சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் செத்தார்கள். ஆறாத ரணம் அது. அதைச் சொல்லி, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவைக் குண்டுவைத்துக் கொன்றதை நியாயப்படுத்துகிறவர்களோடு நான் எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன். 1991 மே 21 இரவு அந்த மைதானத்தில் ராஜீவோடு செத்தவர்களில் பந்தோபஸ்துக்கு நின்ற காவலர்கள் உண்டு, கட்சிக்காரர்கள் உண்டு, அவர் முன்னால் கவிதை சொல்ல வந்த ஒரு சிறுமியும் அவள் அம்மாவும் உண்டு. யாழ்ப்பாணத்துக்கு அந்தப் பிள்ளை என்ன செய்தது? இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை, பேச்சை மாற்றுவார்கள்.

அந்த வழக்கிலேயே மனசாட்சியைப் பற்றி ஒரு பெரிய பாடம் இருக்கிறது. பேரறிவாளனைப் பிடித்தபோது அவருக்கு வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பதுதான் அவர் மேலிருந்த முக்கியக் குற்றச்சாட்டு. சாதாரணமாகப் போலீஸிடம் கொடுக்கிற வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது, ஆனால் அப்போதிருந்த தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் எஸ்.பி. ஒருவர் எழுதி வாங்கினாலே போதும், அதுவே சாட்சியமாக இருந்தது. அப்படி எழுதி வாங்கிய சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், ஓய்வு பெற்ற பிறகு 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார்: அந்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று அந்தப் பையன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக. ஒரே ஒரு வரி. அதற்குள் பேரறிவாளனுக்குத் தூக்கு உறுதியாகி, 2011 செப்டம்பர் 9 என்று நாள்கூடக் குறித்து, கடைசி நேரத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்திருந்தது. அதிகாரி மேல் எனக்குக் கோபம் உண்டு, தாமதமாகவாவது வாயைத் திறந்தாரே என்ற மரியாதையும் உண்டு. யாரையாவது சீக்கிரம் தூக்கில் போடு என்று ஒரு நாடே கத்தும்போது, அந்த மாதிரி வரிகள்தான் முதலில் காணாமல் போகும்.

உண்மையிலேயே இழந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அதே வழக்கில் தண்டனை பெற்ற நளினியின் தூக்கு 2000-ல் ஆயுளாகக் குறைந்ததில் சோனியா காந்தியின் தலையீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 2008-ல் பிரியங்கா வேலூர் சிறைக்குப் போய் நளினியை நேரில் பார்த்தார். 2009-ல் பிரபாகரனின் உடலைத் தொலைக்காட்சியில் காட்டியபோது, இவரை ஏன் இப்படி அவமானப்படுத்துகிறார்கள் என்று தோன்றியதாகவும், அவர் பிள்ளைகளை நினைத்து வருந்தியதாகவும் ராகுல் 2018-ல் சிங்கப்பூரில் சொன்னார். தகப்பனைக் கொன்ற இயக்கத்தின் தலைவர் செத்துக் கிடக்கும்போது ஒருவருக்கு இப்படித் தோன்றுவது சாதாரண விஷயமில்லை. ஆனால் பேரறிவாளனுக்குப் பிறகு 2022 நவம்பரில் அந்த வழக்கின் மீதி ஆறு பேரும் விடுதலையானபோது, சோனியாவின் கருத்தோடு உடன்படவில்லை என்று அவர் கட்சியே அறிவித்தது.

சரி, இதை வைத்து எல்லாரும் மன்னித்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட முடியாது. அதே குண்டில் செத்த மற்றவர்களின் வீட்டாரில் பலர் அந்த விடுதலையைக் கடைசிவரை ஏற்கவில்லை. எங்களை யார் கேட்டார்கள் என்று அவர்கள் கேட்டது நியாயம். சோனியா தன் கணவருக்காக மன்னிக்கலாம், அந்தச் சிறுமிக்காக மன்னிக்க அவராலும் முடியாது. விடுதலையை வரவேற்றவன் நான், முப்பது வருஷத்துக்கு மேல் மகனுக்காக அலைந்த பேரறிவாளனின் அம்மா அற்புதம்மாளை நினைத்து அன்றைக்கு அழுதேன். ஆனால் அந்தக் குடும்பங்களின் வீட்டில் போய் உட்கார்ந்து அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க நம் தரப்பில் யாரும் போகவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

அதனால் கேள்வி கேட்ட உங்களுக்கு, இது உங்கள் வீட்டு இழப்பாக இருந்தால்: வழக்கை விடாதீர்கள், என்ன நடந்தது என்ற முழு உண்மையையும் கேட்டு வாங்குங்கள். மன்னிக்கச் சொல்லி யார் நெருக்கினாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சார்பில் நாங்கள் கணக்குத் தீர்க்கிறோம் என்று யாராவது வந்தால் மட்டும், என் பெயரைச் சொல்லாதே என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுங்கள்.