அடுத்தவரைப் பார்க்காமல் என் வெற்றியை எப்படி முடிவு செய்வது?

கேட்டவர் தனக்கு 34 வயது என்றும், கூடப் படித்தவர்கள் வீடு, கார், வெளிநாடு என்று போய்விட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அவர்களோடு ஒப்பிடாமல் தன் வெற்றியை எதை வைத்து முடிவு செய்வது என்பது கேள்வி.

"ஒப்பிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அதைக் கேட்டு நிறுத்தியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தன் திறமை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மனிதருக்கு ஓர் உந்துதல் இருக்கிறது; நேரடியாக அளந்து பார்க்க வழி இல்லாதபோது பக்கத்தில் இருப்பவரை வைத்து அளந்துகொள்கிறார்கள் என்கிறார். உளவியல் படிக்கும் என் மகள் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். கேட்டதுமே மனசுக்குப் பிடிபட்டது. நமக்கென்று ஒரு அளவு கையில் இல்லாததுதான் பிரச்சினை. அதைத் தேடிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். மதுரையில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன், பெரும்பாலும் ப்ளவுஸ்தான். நான் வைத்துக்கொண்ட அளவு ஒன்றுதான்: தைத்துக் கொடுத்தது ஆல்டர் பண்ணத் திரும்பி வரக்கூடாது, அதைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் நாள் முழுக்கச் சிரமமில்லாமல் வேலை செய்ய வேண்டும். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் அளவு ப்ளவுஸ் என்று கொண்டுவருவது பல தடவை துவைத்துச் சுருங்கிப்போன ஒன்றாக இருக்கும். ஒருவருக்கு ஒரு தோள் லேசாக இறங்கியிருக்கும். கைக்குழி கொஞ்சம் இறுகினாலும் சாயங்காலத்துக்குள் அக்குளில் சிவந்த கோடு விழுந்துவிடும். அதனால் போட்டுப் பார்க்கும்போது, "அக்கா, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பீங்களே, அப்படிக் கையைத் தூக்குங்க" என்பேன். நேராக நின்று கண்ணாடி பார்த்தால் எந்த ப்ளவுஸும் அழகாகத்தான் இருக்கும்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு அம்மா ஒருமுறை வந்தார். கடையில் ஆள் குறையும்வரை வெளியிலேயே நின்றிருந்தார். லைனிங்குக்கு உள்ளே ஒரு பக்கம் பை மாதிரி வைத்து, அதில் பேட் நகராமல் உட்காரும்படி தைத்தேன். முதலில் தைத்தது சரியாக அமையவில்லை, பிரித்துவிட்டு மறுபடி தைத்தேன். அதைப் போட்டு, முந்தானையை மடித்துக் குத்திக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார். "கல்யாணத்துக்குப் போகலாம் போலிருக்கே" என்றார். அன்றைக்கு நான் ஜெயித்தேன். அமெரிக்காவில் இருக்கும் என் வகுப்புத் தோழியின் வீடு எத்தனை மாடி என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் எந்த அளவை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. "தெருவிலேயே பெரிய கடை என்னுடையது" என்பதும் ஒரு அளவுதான். அடுத்த வாரம் ஏசி போட்ட பொட்டிக் ஒன்று திறந்தால் அது போய்விடும். நான் கேட்டுப் பார்ப்பது இதுதான்: இதே வேலையில் அடுத்தவரும் நன்றாக வந்துவிட்டால், என் வெற்றி குறைகிறதா?

இதற்கு எங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபிறகு, 1976-இல், 58-வது வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் எப்போதோ கோணிப்போயிருந்தன. அந்த விரல்களைப் பழக்கித்தான் கண்புரை ஆபரேஷன் செய்தார், தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல். மற்ற டாக்டர்களின் கைகளோடு தன் கையை ஒப்பிட்டிருந்தால் அந்த வேலையைத் தொட்டே இருக்க மாட்டார். அவர் வைத்துக்கொண்ட குறிக்கோள், தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பு இல்லாமல் போக வேண்டும் என்பது. அதனால்தான் மற்ற மருத்துவமனைகளுக்கும் தங்கள் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இறக்குமதி விலையில் சிறு பகுதிக்குத் தயாரித்து மற்றவர்களுக்கும் விற்றார்கள். வேறொரு மருத்துவமனையில் ஒருவருக்குப் பார்வை கிடைத்தாலும் அது இவர்கள் கணக்கில் லாபம்தானே!

சரி, பணம்? அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. கடை வாடகை, மகளின் ஃபீஸ், சீட்டுப் பணம், கொஞ்சம் நகை. இவ்வளவு தேவை என்று எழுதி வைத்து அதற்கு எதிரில்தான் வருமானத்தைப் பார்க்கிறேன். குறைந்தால் கவலைப்படுகிறேன், இன்னும் கொஞ்சம் உழைக்கிறேன். அந்த நோட்டில் என் கொழுந்தனாரின் சம்பளத்துக்கு இடம் இல்லை.

இன்னொன்று. அடுத்தவரைப் பார்க்கவே கூடாது என்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் ஒரே தரத்தில் கொடுக்கிறார்களே என்று மெக்டொனால்ட்ஸைப் பார்த்து வியந்து, அதை மருத்துவமனைக்குக் கொண்டுவர நினைத்தவர் அதே வெங்கடசாமி. நானும் ஒரு பொட்டிக்கில் தைத்த பிரின்சஸ் கட் ப்ளவுஸை ஒரு கஸ்டமரிடம் வாங்கி, தையலைப் புரட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நன்றாகவே தைத்திருந்தார்கள்.

உங்கள் நண்பர்களைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், உங்கள் வேலை என்ன என்று ஒரு வரி எழுதவில்லை. அதைக் கமெண்டில் எழுதுங்கள். உங்கள் வேலையால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அங்கிருந்து பேசலாம்.