மழை நாளில் மணி கோர்ப்போம்: டீச்சரிடம் கேட்டவை

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு வாரமாக மதியம் மூன்று மணியானால் வானம் கறுத்துவிடுகிறது. பிள்ளைகள் கைப்பேசியும் கையுமாகச் சுருண்டு கிடக்கிறார்கள் என்று பெற்றோர் பலர் புலம்பினார்கள். மழை நாளில் பிள்ளைகளோடு சின்னச் சின்ன நகை செய்வது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், பாலர் பள்ளியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கே: டீச்சர், மக்கரோனிக்குக் கலர் போட்டு மாலை கோர்த்தோம். ரெண்டாம் நாளே பிசுபிசுப்பு, மூன்றாம் நாள் எறும்பு. எங்கே தப்பு?

தப்பு உங்கள் மேல் இல்லை, நம் ஊர்க் காற்றின் மேல். மக்கரோனி காய்ந்த மாவுதானே. மழைக்காலத்தில் காற்றிலிருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் எறும்புக்கு அழைப்பிதழா வைக்க வேண்டும்?

அதற்குப் பதில் காகித மணி செய்யுங்கள். பழைய நாள்காட்டித் தாள், வழவழப்பான விளம்பரத் தாள் எதுவும் போதும். அடி 2 செ.மீ., நீளம் 25 செ.மீ. இருக்கும் ஒல்லியான முக்கோணமாக வெட்டிக்கொள்ளுங்கள். அகலமான பக்கத்தைச் சாத்தே குச்சியில் (இறைச்சி குத்திச் சுடும் மெல்லிய குச்சி) வைத்து இறுக்கமாகச் சுருட்டி, கடைசிக் கால்வாசிக்கு மட்டும் பசை தடவி ஒட்ட வேண்டும். முதல் சுற்றிலேயே பசை வைத்தால் மணி குச்சியை விட்டு வராது. எத்தனை சாத்தே குச்சியை இப்படி உடைத்திருக்கிறேன் தெரியுமா! அடி அகலமானால் மணி நீளமாகும், தாள் நீளமானால் மணி குண்டாகும். இதைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், அவர்களே வெட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். ஆறு வயதுப் பிள்ளை ஒரு மதியம் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருக்கும்.

குச்சியோடு உருளைக்கிழங்கில் குத்தி, காற்றாடிக்கு நேராக ஓர் இரவு வையுங்கள். மறுநாள் நிறமில்லாத நகப்பூச்சை இரண்டு தடவை பூசினால் வியர்வைக்கும் ஈரத்துக்கும் தாங்கும். அந்த வேலை பெரியவர்களுடையது. வாடை தலைக்கேறும், சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பசையையே மேலே பூசினால் போதாதா என்று கேட்கிறார்கள். மழைக்காலத்தில் அது மறுபடி ஒட்ட ஆரம்பித்துவிடும், வேண்டாம்.

கே: எங்கள் தாமான் (குடியிருப்பு) பூங்காவில் சிவப்பு விதை கொட்டிக் கிடக்கிறது. மகள் ஒரு பாட்டில் நிறையப் பொறுக்கி வைத்திருக்கிறாள். குன்றிமணி விஷம் என்கிறார் மாமியார். கோர்க்கலாமா, கூடாதா?

மாமியார் சொன்னது உண்மை. ஆனால் உங்கள் மகள் பொறுக்கியது பெரும்பாலும் குன்றிமணியாக இருக்காது. இரண்டு விதை இருக்கிறது, இரண்டையும் நம் வீடுகளில் குண்டுமணி என்றே சொல்லிவிடுகிறோம்.

பெரிய மரத்தடியில் விழுந்து கிடப்பது, முழுக்க முழுக்கச் சிவப்பு, கொஞ்சம் தட்டை, மலாயில் சாகா. தமிழில் மஞ்சாடி, ஆனைக்குண்டுமணி என்று பெயர். நான்கு விதை ஏறக்குறைய ஒரு கிராம் வரும். அந்தக் காலத்தில் பொன் நிறுக்கவும் பயன்பட்டது.

மற்றது வேலியில் படரும் கொடி. விதை சின்னது, சிவப்பின் ஒரு முனையில் கறுப்புப் பொட்டு. விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்போமே, அதுதான் குன்றிமணி. 'குண்டுமணித் தங்கம்கூட இல்லை' என்கிறோமே, அதுவும் இதுதான். இதில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஓடு உடையாமல் விழுங்கினால் சில நேரம் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ, துளை போட்டிருந்தாலோ கதை வேறு. ஒரே ஒரு விதை மெல்லப்பட்டால்கூடக் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. மாலை கோர்க்கத் துளைதானே போடுகிறோம்? அதனால்தான் கூடவே கூடாது என்கிறேன். கறுப்புப் பொட்டு ஒன்று கண்ணில் பட்டாலும் அதை எடுத்துவிட்டு எல்லோரும் கை கழுவுங்கள். யாராவது வாயில் போட்டுவிட்டால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல், அந்த விதை ஒன்றையும் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

சாகா விதையோடு விளையாடலாம், ஆனால் அதுவும் தின்னும் பொருள் இல்லை. கல் மாதிரி கெட்டியாக இருக்கும். துளை போட ஒரு மி.மீ. துரப்பணம் வேண்டும், இடுக்கியில் பிடித்துக்கொண்டு பெரியவர்தான் போட வேண்டும். நான் துளையே போடுவதில்லை. தடித்த அட்டையை மாங்காய் வடிவில் வெட்டி, பசை தடவி, விதைகளை நெருக்கமாகப் பதித்துப் பதக்கம் ஆக்கிவிடுவேன். அட்டையில்தான் ஓட்டை.

கே: தம்பிக்கு ஒன்றரை வயது. அக்கா மணி கோர்த்தால் பக்கத்தில் வந்துவிடுகிறான்.

அவன் தூங்கும்போது கோருங்கள். மூன்று வயதுக்குள் மணி, விதை, பொத்தான் எதுவும் கைக்கு எட்டக்கூடாது. கழிவறைத் தாளின் உள்ளே இருக்கும் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதுவும் அவன் தொண்டைக்கு ஆபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் துண்டு விரித்து அதன்மேல் வேலை செய்தால் மணி உருண்டு நாற்காலிக்கு அடியில் போகாது. காந்த மணிகள், தண்ணீரில் ஊறிப் பருக்கும் மணிகள் இரண்டையும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். இன்னொன்று, அக்காவும் மாலையைப் போட்டுக்கொண்டு தூங்கக்கூடாது.

கே: உப்பு மாவில் பதக்கம் செய்தோம். நான்கு நாளாகியும் காயவில்லை.

மழையில் காயாது. உப்பே ஈரத்தை இழுக்கும் பொருள், சமையலறையில் உப்பு ஜாடியைப் பார்த்தாலே தெரியுமே. இரண்டு கப் கோதுமை மாவு, ஒரு கப் உப்பு, ஒரு கப்புக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் என்று பிசைந்து, அரை செ.மீ. கனத்துக்குத் தட்டி, ஓவனில் 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் திருப்பிப் போட்டு வாட்டுங்கள். நூல் நுழையும் ஓட்டையை முதலிலேயே போட்டுவிடுங்கள். ஓவன் இல்லாத வீட்டில் இதை விட்டுவிடலாம், காகித மணியே மேல். வீட்டில் நாய் இருந்தால் மாவு உருண்டை கீழே கிடக்கக்கூடாது, அவ்வளவு உப்பு அதற்கு ஆகாது.

கே: எலாஸ்டிக் நூலில் கோர்த்த வளையல் பள்ளிக்கூடம் போவதற்குள் அவிழ்ந்துவிடுகிறது.

கோர்ப்பதற்கு முன் நூலை நாலைந்து முறை நன்றாக இழுத்துவிடுங்கள், பிறகு தொய்யாது. முடிச்சில் நூலை ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை நுழைத்து இறுக்க வேண்டும். மேலே ஒரு சொட்டு நகப்பூச்சு விட்டு, முடிச்சை மணிக்குள் இழுத்து மறைத்துவிடுங்கள். சாதாரண நூலானால் அதன் நுனியையும் நகப்பூச்சில் நனைத்துக் காயவிடலாம். விறைத்துக்கொண்டு ஊசி இல்லாமலே நுழையும்.

கே: மகனுக்கு எட்டு வயது. 'இது பொம்பளைப் பிள்ளை வேலை' என்கிறான்.

அவன் தாத்தாவின் தாத்தா காதில் கடுக்கன் போட்டிருப்பார், சொல்லிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ரப்பர் கொட்டையைக் கையில் கொடுங்கள். சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைத்துச் சுடுவதில்தான் முதலில் ஆரம்பிப்பான், நாங்களும் அப்படித்தான். பிறகு நீங்கள் துளை போட்டுக் கொடுத்தால் சாவிக்கொத்து செய்துகொள்வான். ஒவ்வொரு கொட்டையிலும் புள்ளியும் கோடும் வேறு வேறு, வண்ணமே பூச வேண்டாம். உள்ளிருக்கும் பருப்பைப் பச்சையாகத் தின்னக்கூடாது, அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். 1877இல் கோலாகங்சாரில் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

கே: கடையில் வாங்கிய கொக்கியில் தோடு செய்து போட்டாள். காது சிவந்து அரிக்கிறது.

கழற்றிவிடுங்கள். மலிவான கொக்கியில் நிக்கல் கலந்திருக்கும், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. புண்ணானால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: பள்ளியில் கேன்டீன் நாள் வருகிறது. விற்கலாமா? என்ன விலை?

காகித மணி வளையல் ஒன்று இரண்டு ரிங்கிட் வைக்கலாம். ஆனால் பிள்ளை செய்ததை நீங்கள் உட்கார்ந்து பிரித்து நேராக்கி விற்காதீர்கள். கோணலாக இருந்தால் கோணலாகவே போகட்டும்.

கே: இப்போதே மழை, கரண்டும் இல்லை, வீட்டில் மணியும் நூலும் இல்லை!

கொல்லையில் மரவள்ளி இருக்கிறதா? குடை பிடித்துக்கொண்டு போய் நீளக் காம்போடு இலை பறித்து வாருங்கள். காம்பை இலைக்கு எதிர்முனையிலிருந்து ஒரு விரல்கடை அளவு ஒடித்து, தோல் அறுந்துவிடாமல் மெதுவாகக் கீழே இழுக்க வேண்டும். அடுத்த ஒடிப்பு எதிர்ப்பக்கம். இப்படி மாறி மாறி ஒடித்துக்கொண்டே இலைவரை வந்தால், இரண்டு சரமாகச் சங்கிலி தொங்கும், இலையே பதக்கம். பத்து காம்பு அறுந்து வீணாகும், பதினோராவது வரும். மரவள்ளிப் பால் சட்டையில் பட்டால் கறை போகாது, பழைய சட்டை போட்டுவிடுங்கள்.

எனக்கு இதை அம்மாதான் காட்டினார். மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு கிடையாது. ஈரப் பட்டையில் பால் கோட்டோடு இறங்காமல் கண்டபடி வழியும், பால் பிடிக்கும் மங்கிலும் தண்ணீர் நிறைந்துவிடும். அன்றைக்குக் கூலியும் கிடையாது. ஆனாலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்குப் போகாமல், லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் அம்மா மடியில் உட்கார்ந்து ஒடித்துக்கொண்டிருப்பேன். ஜப்பான்காரன் காலத்தில் இந்தக் கிழங்கைத் தின்றே வயிறு வெறுத்துப்போன எங்கள் பாட்டிக்கு மட்டும் அந்த மாலை பிடிக்காது.

கே: டீச்சர், எனக்கு எழுபத்திரண்டு வயது. நாங்கள் அதே காம்பில் குட்டையாக ஒடித்து, காதைச் சுற்றி மாட்டித் தோடும் போடுவோம். அதை விட்டுவிட்டீர்களே?

அக்கா, சுத்தமாக மறந்துபோனேன்! இலையைக் கிள்ளிவிட்டு நடு நரம்பை மட்டும் வைப்போமா, இல்லை இலையோடா? எழுதி அனுப்புங்கள், மழை விடுவதற்குள் செய்து பார்க்கிறேன்.